லிப்பிட் சவ்வு ஆய்வுக்குழுவில் யார் யார், என்ன செய்கிறோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகத்தில் லிப்பிட் சவ்வுகளின் இயற்பியலை ஆராயும் குழு எங்களுடையது. சேர நினைக்கும் மாணவர்களும், பக்கத்துத் துறைக்காரர்களும், எங்கள் வீட்டார்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். சில பதில்கள் நீளமாகிவிட்டன. அந்த இடங்களில் சொல்ல வேண்டியது அவ்வளவு இருந்தது.

லிப்பிட் சவ்வில் ஆராய என்னதான் இருக்கிறது?

ஒவ்வொரு செல்லையும் ஒரு படலம் மூடியிருக்கிறது. தடிமன் வெறும் 4 முதல் 5 நானோமீட்டர். இதைக் கட்டுபவை லிப்பிட் மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் தண்ணீரோடு ஒட்டும் ஒரு தலையும், தண்ணீரை விலக்கும் இரண்டு வால்களும் உண்டு. தண்ணீரில் விட்டால் போதும், வால்களை உள்ளே ஒளித்துத் தலைகளை இருபுறமும் வெளியே காட்டியபடி அவை தாமாகவே இரட்டை அடுக்காக நின்றுவிடும். மூலக்கூறுகளுக்கிடையே வேதிப் பிணைப்பு எதுவும் கிடையாது. தண்ணீர் அவற்றை ஒன்றாக நெருக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் படலத்தின் குணங்கள்தான் எங்களைப் பிடித்து வைத்திருப்பவை. பக்கவாட்டில் இது ஒரு திரவம். ஒரு லிப்பிட் ஒரே நொடியில் சில மைக்ரோமீட்டர் தூரம் அலைந்து விடும். ஆனால் அதே லிப்பிட் ஒரு அடுக்கிலிருந்து எதிர் அடுக்குக்குத் தானாகப் புரண்டு போக மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். வளைக்க மிக எளிது: வளைவதற்கு எதிரான விறைப்பு, அறை வெப்பத்தில் ஒரு மூலக்கூறுக்கு இருக்கும் வெப்ப ஆற்றலைப் போல 20 மடங்கு அளவுதான். அதனால் அறை வெப்பத்திலேயே சவ்வு நடுங்கிக்கொண்டிருப்பதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம். இழுத்து விரிப்பதுதான் கடினம், பரப்பளவு சில சதவீதம் கூடியதுமே கிழிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. நரம்பு செல்லின் சவ்வுக்கு இருபுறமும் சுமார் 70 மில்லிவோல்ட் வேறுபாடு இருக்கும். கேட்கச் சிறிதாகத் தெரியும். அதை 4 நானோமீட்டரால் வகுத்துப் பாருங்கள், மீட்டருக்கு ஒன்றே முக்கால் கோடி வோல்ட். காற்று மின்பொறியில் உடைவது சுமார் 30 லட்சத்தில். அதைப் போல ஐந்தாறு மடங்கு மின்புலத்தை ஒவ்வொரு நரம்பு செல்லின் சவ்வும் வாழ்நாள் முழுக்கத் தாங்கி நிற்கிறது. இது தெரிந்த பிறகு இந்தப் பொருளை விட்டு விலக எனக்கு மனம் வரவில்லை.

சரி, குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?

தலைமையில் ஒரு பேராசிரியர். அவருக்கு அடுத்து போஸ்ட்டாக் என்று நாங்கள் அழைக்கும் முதுமுனைவர் ஆய்வாளர்கள். அப்புறம் முனைவர் பட்ட மாணவர்கள், அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், வேலையிலும் அதிகம். முதுநிலை ஆய்வேட்டுக்காக வருபவர்கள், விடுமுறையில் பயிற்சிக்கு வரும் இளநிலை மாணவர்கள், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து சில மாதங்கள் வந்து தங்கும் விருந்தினர்கள். எல்லாவற்றையும் ஓடவைக்கும் ஆய்வக மேலாளர்.

படித்த துறையை வைத்துப் பார்த்தால் இன்னும் கலவையாக இருக்கும். இயற்பியல், வேதியியல், உயிர்வேதியியல், வேதிப்பொறியியல், கணினி அறிவியல், மருந்தியல் என எல்லா வாசல் வழியாகவும் ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

ஒரு சவ்வைப் பார்க்க இத்தனை துறை ஆட்கள் எதற்கு?

ஒருவர் மட்டும், ஒரே கருவியில் அளந்த எண்ணை நாங்கள் நம்புவதில்லை. எங்கள் குழு இப்படி அமைந்திருப்பதற்குக் காரணமே அதுதான்.

கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளுங்கள். கொலஸ்ட்ரால் சேர்த்தால் சவ்வு விறைப்பாகும் என்று பாடப்புத்தகம் சொல்லும். நேரான, நிறைவுற்ற வால்கள் உள்ள லிப்பிட்டுகளில் அது சரி. ஆனால் டிஓபிசி என்ற லிப்பிட்டின் இரண்டு வால்களிலும் ஒரு வளைவு உண்டு. அதில் கொலஸ்ட்ராலைச் சேர்த்து, பெரிய வெசிக்கிள்களின் (சவ்வாலான நுண்ணிய உருண்டைப் பைகள்) நடுக்கத்தையும் எக்ஸ்ரே சிதறலையும் பார்த்தவர்கள் வளைவு விறைப்பு ஏறக்குறைய மாறவே இல்லை என்று கண்டார்கள். பல வருடம் அதுதான் ஏற்கப்பட்ட செய்தி. 2020இல் நியூட்ரான் ஸ்பின் எக்கோ (நியூட்ரான்களைச் சிதறவைத்துச் சவ்வின் அசைவை அளப்பது), அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, கணினி உருவகம் மூன்றையும் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, டிஓபிசியும் கொலஸ்ட்ராலால் நன்றாகவே விறைக்கிறது, பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மூன்று மடங்கு என்று சொன்னது.

யார் சொன்னது சரி? விவாதம் சூடாக நடந்தது. முக்கியமான விஷயம், இரண்டு தரப்பும் ஒரே நீளத்தில் அளக்கவில்லை, ஒரே நேர அளவிலும் அளக்கவில்லை. நடுங்கும் வெசிக்கிளைக் கேமராவில் பிடிப்பவர் மைக்ரோமீட்டர் அலைகளை மில்லிநொடிகளில் பார்க்கிறார். நியூட்ரான்காரர் சில பத்து நானோமீட்டரை நூறு நானோநொடிக்குள் பார்க்கிறார். மெதுவாக வளைக்கும்போது லிப்பிட்டுகளுக்கு நகர்ந்து இடம் மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கிறது, வேகமாக வளைக்கும்போது கிடைப்பதில்லை. இப்படி ஒரு கேள்வி வந்தால், இயற்பியல் படித்த ஒருவர் தன் நுண்ணோக்கி முன்னும், வேதியியல் படித்த ஒருவர் தன் காந்தத்தின் முன்னும் தனித்தனியாக உட்கார்ந்திருந்து பயனில்லை. இருவரும் ஒரே குப்பியிலிருந்து எடுத்த லிப்பிட்டோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும். எங்கள் வாராந்தரக் கூட்டம் நீண்டுபோவது பெரும்பாலும் இதனால்தான்.

பேராசிரியர் ஆய்வகத்தில் பரிசோதனை செய்வாரா?

அரிதாக. நிதிக்கு விண்ணப்பம் எழுதுவது, வகுப்பு எடுப்பது, எங்கள் வரைவுகளைத் திருத்துவது என்று அவர் நேரம் போய்விடும். ஆனால் புரியாத ஒரு வரைபடத்தைக் காட்டினால் எழுந்து நுண்ணோக்கி அறைக்கு வந்துவிடுவார். கச்சாப் படத்தைப் பார்க்காமல் முடிவை ஒப்புக்கொள்ளும் நெறியாளரிடம் சேராதீர்கள் என்பது யாருக்கும் நான் சொல்லும் புத்திமதி.

போஸ்ட்டாக்குக்கும் முனைவர் பட்ட மாணவருக்கும் என்ன வித்தியாசம்?

போஸ்ட்டாக் ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கியவர். இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் வருவார், பெரும்பாலும் வேறு இடத்தில் கற்ற ஒரு நுட்பத்தைக் கையோடு கொண்டு வருவார். மாணவருக்குத் தலைப்பைச் சுற்றிப் பார்க்கவும் தடுமாறவும் நேரம் உண்டு, போஸ்ட்டாக்குக்கு அந்த வசதி குறைவு. அடுத்த வேலையைத் தேடும் கவலையோடுதான் அவர் ஒவ்வொரு நாளும் வேலை செய்கிறார். அதை மனதில் வைத்து அவர் நேரத்தை மதியுங்கள். அன்றாடச் சந்தேகங்களுக்கு முதலில் நீங்கள் தட்டப் போகும் கதவு அவருடையதுதான்.

ஆய்வக மேலாளரின் வேலை என்ன?

லிப்பிட்டுகளை வாங்குவது, உறைபெட்டியில் எது எங்கே, எப்போது திறக்கப்பட்டது என்று கணக்கு வைப்பது, கருவிகளைப் பழுது பார்ப்பது, புதியவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது. இதைக் கேட்டு அலுவலக வேலை என்று நினைத்துவிட வேண்டாம். இரட்டைப் பிணைப்புள்ள லிப்பிட்டுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனால் கெட்டுப்போகும். கெட்டுப்போன லிப்பிட்டில் கட்டிய சவ்வு கசியும், அதன் விறைப்பு மாறும், சவ்வில் இல்லாத திட்டுகள் தோன்றும். ஆறு மாத அளவீடு ஒரு பழைய குப்பியால் வீணாகலாம். குப்பியைத் திறந்த தேதியை எழுதி, ஆர்கானோ நைட்ரஜனோ நிரப்பி, மைனஸ் 20 டிகிரியில் திரும்ப வைக்கச் சொல்லி எல்லோரையும் விரட்டும் அந்த ஒருவரால்தான் எங்கள் கட்டுரைகள் நிற்கின்றன. நன்றியுரையில் மட்டும் பெயர் போட்டு முடித்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அளவீட்டுக்கு அவர் பங்களித்திருந்தால் அவர் ஆசிரியர்தான்.

உயிருள்ள செல்லையே எடுத்துப் பார்க்கலாமே? செயற்கைச் சவ்வு எதற்கு?

உண்மையான செல் சவ்வில் நூற்றுக்கணக்கான வகை லிப்பிட்டுகள், அவற்றுக்கிடையே நெருக்கமாகப் புரதங்கள், உள்ளே தாங்கும் புரத இழைச் சட்டகம், இடைவிடாமல் செலவாகும் ஆற்றல். அதில் ஒன்றை மாற்றினால் பத்து மாறும். எது எதனால் என்று பிரிக்க முடியாது.

அதனால் இரண்டு அல்லது மூன்று லிப்பிட்டுகளை மட்டும் வைத்துச் சவ்வு கட்டுகிறோம். ஒரு பக்கம் 20, 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பெரிய வெசிக்கிள்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், பிடிக்கலாம், உறிஞ்சி இழுக்கலாம். இன்னொரு பக்கம் 100 நானோமீட்டர் அளவுள்ள சிறியவை, கண்ணுக்குத் தெரியாது, ஒரு துளியில் கோடிக்கணக்கில் இருக்கும். கண்ணாடியிலோ மைக்காவிலோ படியவைத்த தட்டைச் சவ்வுகள் வேறு. தண்ணீர் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி நெருக்கும் லாங்மியூர் தொட்டியும் இருக்கிறது.

இதில் ஒரு விலை இருக்கிறது. செல்லின் சவ்வில் இரண்டு அடுக்கும் ஒன்றல்ல, பாஸ்ஃபடிடைல்சீரின் போன்ற லிப்பிட்டுகள் உள் அடுக்கில்தான் இருக்கும். அது வெளியே தெரிய ஆரம்பித்தால் இந்தச் செல் சாகிறது, அகற்றலாம் என்று விழுங்குசெல்களுக்கு அடையாளம். நாங்கள் சாதாரணமாகக் கட்டும் வெசிக்கிளில் அந்த வேறுபாடு கிடையாது. எளிய சவ்வில் கண்டதைச் செல்லின் மேல் அப்படியே ஏற்றிச் சொன்னால் குழுவின் உயிர்வேதியியல்காரர்கள் உடனே தடுப்பார்கள். அதற்காகவே அவர்கள் வேண்டும்.

இந்தத் துறை எப்போது தொடங்கியது?

எங்கிருந்து எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு தேக்கரண்டி எண்ணெய் அரை ஏக்கர் குளத்தை அமைதியாக்கியதை 1774இல் எழுதினார். அந்தப் படலத்தின் தடிமனை அவர் கணக்கிடவில்லை. கணக்கிட்டிருந்தால் ஒரு மூலக்கூறின் நீளத்தைத் தொட்டிருப்பார்.

எனக்கு மிகவும் பிடித்த தொடக்கம் ஆக்னஸ் பொக்கல்ஸ். 1862இல் வெனிஸில் பிறந்து ஜெர்மனியில் வாழ்ந்தவர். அக்காலத்தில் பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கவில்லை. வீட்டு வேலைக்கு நடுவே, சமையலறையில், ஒரு தகரத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மேலே ஒரு பட்டையை நகர்த்தி நீர்ப்பரப்பைச் சுருக்கியும் விரித்தும் மேற்பரப்பு இழுவிசையை அளந்தார். முடிவுகளை 1891இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக அனுப்பினார். ராலே அதை நேச்சர் இதழில் வெளியிட ஏற்பாடு செய்தார். அமெரிக்க வேதியியலாளர் லாங்மியூர் 1917இல் விரிவாக்கிய, இன்றும் எங்கள் அறையில் நிற்கிற தொட்டியின் அடிப்படை அதுதான். லாங்மியூருக்கு 1932இல் நோபல் கிடைத்தது. பொக்கல்ஸுக்கு அதே வருடம் ஒரு கௌரவ முனைவர் பட்டம்.

இரட்டை அடுக்கு என்ற எண்ணம் 1925இல் வந்தது. கோர்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களிலிருந்து லிப்பிட்டைப் பிரித்து, தண்ணீர் மேல் பரப்பி, அதன் பரப்பு செல்களின் பரப்பைப் போல இரு மடங்கு என்று காட்டினார்கள். அசிட்டோனால் அவர்களுக்கு லிப்பிட் முழுதும் பிரியவில்லை. செல்களின் பரப்பையும் குறைவாகக் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன! முடிவு சரிதான், ஆனால் சரியாக இருப்பது மற்றவர்கள் வேறு வழிகளில் அளந்த பிறகுதான் உறுதியானது. 1960களின் நடுவில் அலெக் பாங்கமும் கூட்டாளிகளும் லிப்போசோம்களை, அதாவது லிப்பிட் தண்ணீரில் தானாக மூடிக்கொண்டு உண்டாகும் நுண்ணிய பைகளை, காட்டினார்கள். 1972இல் சிங்கர், நிக்கல்சன் இருவரின் திரவ மொசைக் மாதிரி, அதாவது லிப்பிட் திரவத்தில் புரதங்கள் மிதக்கின்றன என்ற படம். 1973இல் ஹெல்ஃப்ரிச் சவ்வின் வளைவு ஆற்றலைச் சமன்பாடாக எழுதினார், அதைத்தான் இன்றும் எங்கள் பலகையில் எழுதி அழித்துக்கொண்டிருக்கிறோம்.

புதிதாகச் சேர்பவர் முதலில் என்ன செய்வார்?

பெரிய வெசிக்கிள் செய்யக் கற்றுக்கொள்வார். கணினி வேலைக்கே வந்தவரானாலும் ஒரு முறையாவது கையால் செய்ய வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

முறை இதுதான். குளோரோஃபார்மில் கரைந்த லிப்பிட்டை மின்கடத்தும் பூச்சுள்ள கண்ணாடியில் மெல்லப் பரப்ப வேண்டும். வெற்றிடத்தில் வைத்துக் கரைப்பானை முழுதும் போக்க வேண்டும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சர்க்கரைக் கரைசலை, அதாவது சுக்ரோஸை, நிரப்பி, 10 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு சிறு மாறுமின்னழுத்தம் கொடுத்து ஓரிரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். படலம் அடுக்கடுக்காக உரிந்து உருண்டைகளாக எழும். இது 1986இல் ஆஞ்சலோவாவும் டிமித்ரோவும் கொடுத்த முறை.

சொல்ல எளிது, கெடுவதற்கு வழிகள் ஏராளம். அதிகம் கெடுப்பது வெப்பநிலை. டிபிபிசி என்ற லிப்பிட் 41 டிகிரிக்குக் கீழே இறுகிய நிலையில் இருக்கும். அறை வெப்பத்தில் எவ்வளவு நேரம் வைத்தாலும் சரியாக வராது, கலவையில் உருகுநிலை அதிகமுள்ள லிப்பிட் எதுவோ அதற்கு மேல் சூடாக்க வேண்டும். உப்புக் கரைசலில் இந்த முறை சரியாக வேலை செய்யாது, அதற்கு வேறு முறைகள் உண்டு. கடைசியாக வெசிக்கிள்களைக் குளுக்கோஸ் கரைசலுக்கு மாற்றுவோம். சுக்ரோஸ் கனமானது, அதனால் வெசிக்கிள் கீழே போய் அமர்ந்துவிடும், பார்க்க வசதி. உள்ளும் புறமும் ஊடுபரவல் அளவு ஒன்றாக இருக்கிறதா என்று கருவியில் அளந்து பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். கண்மதிப்பில் சர்க்கரை நிறுத்தவர்களின் வெசிக்கிள்கள் ஒன்று சுருங்கும், அல்லது விறைத்து வெடிக்கும்.

முதல் தடவை நல்ல உருண்டை ஒன்று ஓரமெல்லாம் நடுங்கியபடி திரையில் வந்து நின்றதும், பார்க்க எல்லோரும் வந்துவிடுவோம். அந்த உருண்டை 20 மைக்ரோமீட்டர் என்றால் அதில் சுமார் 400 கோடி லிப்பிட்டுகள் இருக்கின்றன.

ஒளிரும் சாயம் போட்டால்தானே சவ்வு தெரியும்? சாயமே சவ்வை மாற்றாதா?

மாற்றும், நல்ல கேள்வி. சாயம் வழக்கமாக ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் சேர்க்கிறோம். ஆனால் விளக்கை அதிக நேரம் போட்டால் சாயம் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டி, ஒரே சீராக இருந்த சவ்வில் புதுத் திட்டுகளை உண்டாக்கிவிடும். சில லிப்பிட்டுகள் திட்டாகச் சேர்ந்து தெப்பம் போல மிதக்கின்றன என்ற லிப்பிட் ராஃப்ட் கருத்து 1997இல் பரவலான பின் சவ்வில் திட்டுகளைத் தேடாதவர்கள் குறைவு. தேடுகிற விளக்கே அதை உண்டாக்கலாம் என்பதால், திட்டு கண்டேன் என்று ஒருவர் சொன்னால், குறைந்த ஒளியில், வேறு சாயத்தில், புதிய வெசிக்கிளில் இன்னொருவர் திரும்பப் பார்ப்பார். முடிந்தால் சாயமே இல்லாத ஒரு முறையிலும்.

கணினி உருவகம் செய்பவர்கள் ஆய்வகத்துக்கு வருவார்களா?

வருவார்கள், நாங்கள் விடுவதில்லை. அவர்கள் செய்வது இது: சில நூறு லிப்பிட்டுகளையும் சுற்றியுள்ள தண்ணீரையும் அணு அணுவாகக் கணினியில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் விழும் விசையைக் கணக்கிட்டு, 2 ஃபெம்டோநொடி நகர்த்தி, திரும்பவும் கணக்கிடுவது. ஒரு மைக்ரோநொடியைப் பார்க்க இப்படி 50 கோடி அடி எடுத்து வைக்க வேண்டும். ஹைட்ரஜன் தவிர்த்து நாலு அணுவை ஒரு மணியாகச் சேர்க்கும் மார்ட்டினி மாதிரி இருந்தால் வேகம் பல மடங்கு கூடும், ஆனால் நுணுக்கம் குறையும்.

நாங்கள் எதையும் நேரடியாகப் பார்க்க முடியாத அளவில் அவர்கள் பார்க்கிறார்கள். ஒரு பெப்டைடு (சிறு புரதத் துண்டு) சவ்வுக்குள் எந்தக் கோணத்தில் படுக்கிறது, எந்த லிப்பிட்டின் தலை அதைப் பிடிக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஆனால் அணுக்களுக்கிடையேயான விசைகள் நாம் உள்ளிட்டவை. ஒரு லிப்பிட்டின் பரப்பு, வால்களின் ஒழுங்கு, சவ்வின் தடிமன் மூன்றும் அளந்த எண்களோடு ஒத்துவந்தால்தான் மற்றதைப் பேசத் தொடங்குவோம். அழகான அசைபடம் ஆளை எளிதில் மயக்கிவிடும் என்பதால் இதில் நாங்கள் கறாராக இருக்கிறோம்.

சிங்க்ரோட்ரான், நியூட்ரான் மையங்களுக்குப் போகும் குழுவில் யார் யார் இருப்பார்கள்?

செறிவான எக்ஸ்ரே கற்றை தரும் சிங்க்ரோட்ரானும் நியூட்ரான் மூலங்களும் எந்தப் பல்கலைக்கழகத் துறையிலும் அடங்காதவை. பிரான்சின் கிரனோபிளில் இருப்பது போன்ற மையங்களுக்கு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பித்து, ஏற்றுக்கொள்ளப்பட்டால், சில நாள்கள் கிடைக்கும். கற்றை இரவும் பகலும் ஓடும். அதனால் மாற்றி மாற்றி விழித்திருக்க மூன்று நான்கு பேர் வேண்டும். மாதிரி செய்யத் தெரிந்த ஒருவர், தரவை அங்கேயே பகுத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர், முன்பு போய்வந்த ஒருவர், முதல் தடவை வரும் ஒருவர் என்று கலந்து அனுப்புவோம். முதல் தடவை வருபவர் வேடிக்கை பார்க்க வருவதில்லை. அடுத்த தடவை மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போவது அவர்தான்.

நியூட்ரானின் பெரிய பலம், சாதாரண ஹைட்ரஜனையும் கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தையும் அது மிக வித்தியாசமாகப் பார்ப்பது. தண்ணீரில் கனநீரைத் தகுந்த விகிதத்தில் கலந்தால் சவ்வின் ஒரு பகுதியை மறைத்து இன்னொன்றை மட்டும் தெரியவைக்கலாம். சவ்வுக்கு நியூட்ரானால் சேதமும் இல்லை. எக்ஸ்ரே கற்றை அப்படியல்ல, நின்ற இடத்தில் மாதிரியைப் பொசுக்கிவிடும், நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்கு உயிரியல் தெரியாது. சேரலாமா?

சேரலாம். இயற்பியலிலிருந்து வருபவர்களுக்கு லிப்பிட் பெயர்கள் முதலில் தலைசுற்றும், சில மாதத்தில் பழகிவிடும். உயிரியலிலிருந்து வருபவர்களுக்குப் புள்ளியியல் இயந்திரவியல் கொஞ்சம் நாளாகும். அதற்கு வாரம் ஒரு நாள் சேர்ந்து படிக்கிறோம். இரண்டிலும் தேர்ந்து வருபவரை நாங்கள் எதிர்பார்ப்பதில்லை.

நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமா?

பைத்தான் ஓரளவு தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் இங்கே கற்றுக்கொள்ளலாம்.

வேலையில் ஆபத்து உண்டா?

முக்கியமாகக் குளோரோஃபார்ம். புகைப்போக்கிப் பெட்டிக்குள் மட்டும்தான் திறக்க வேண்டும். பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஊற்றக் கூடாது, பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும், கரைந்த பிளாஸ்டிக் உங்கள் சவ்வுக்குள் போய்ச் சேரும். கண்ணாடிக் குப்பி, கண்ணாடி ஊசி, டெஃப்லான் மூடி. சாதாரண நைட்ரைல் கையுறையில் குளோரோஃபார்ம் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும், பட்டவுடன் கழற்றி மாற்றுங்கள். லேசர் அறைக்குள் பயிற்சி முடிக்காமல் யாருக்கும் அனுமதி இல்லை, பேராசிரியரின் விருந்தினராக இருந்தாலும்.

கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும்?

அதிக வேலை செய்து முதல் வரைவை எழுதியவர் முதலில், குழுத் தலைவர் கடைசியில். இது துறையின் பொது வழக்கம். சிக்கல் நடுவில்தான். எங்கள் வேலையில் ஒரு வரைபடத்தை ஒருவர் அளந்திருப்பார், அதே எண்ணை வேறு முறையில் இன்னொருவர் சோதித்திருப்பார். சோதித்தவர் புதிதாக ஒன்றும் காணவில்லையே என்று விட்டுவிட்டால் அடுத்த தடவை யாரும் சோதிக்க மாட்டார்கள். ஆகவே சோதித்தவரையும் ஆசிரியராகச் சேர்க்கிறோம். வேலை தொடங்கும்போதே வரிசையைப் பேசி எழுதிவைத்துவிடுவோம், நடுவில் பங்கு மாறினால் திரும்பவும் பேசுவோம். முடிவில் பேசினால் மனக்கசப்பு வரும்.

இதனால் யாருக்கு என்ன பயன்?

குறைமாதக் குழந்தைகளை முதலில் சொல்ல வேண்டும். நுரையீரலின் காற்றுப்பைகளுக்குள் டிபிபிசி அதிகமுள்ள ஒரு லிப்பிட் படலம் இருக்கிறது. மூச்சை வெளியே விடும்போது மேற்பரப்பு இழுவிசையை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறக்கிப் பைகள் மூடிக்கொள்ளாமல் காப்பது அதுதான். குறைமாதத்தில் பிறந்து மூச்சுத்திணறி இறக்கும் குழந்தைகளிடம் இந்தப் பொருள் போதுமான அளவு இல்லை என்று மேரி எலன் ஏவரி 1959இல் காட்டினார். 1980இல் ஃபுஜிவாராவின் குழு அதை வெளியிலிருந்து செலுத்திக் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்ததை வெளியிட்டது. பொக்கல்ஸ் சமையலறையில் அளந்த அதே மேற்பரப்பு இழுவிசைதான் இங்கும் அளக்கப்பட்டது.

எம்ஆர்என்ஏ தடுப்பூசியின் லிப்பிட் நானோதுகள்கள் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். அதில் நாலு வகை லிப்பிட் இருக்கும்: கொலஸ்ட்ரால், ஒரு பாஸ்ஃபோலிப்பிட், பாலிஎத்திலீன் கிளைக்கால் கோர்த்த ஒரு லிப்பிட், அப்புறம் அயனியாகக்கூடிய ஒன்று. கடைசியாகச் சொன்னது இரத்தத்தில் மின்சுமை இல்லாமல் இருக்கும், செல்லுக்குள் எண்டோசோம் என்ற சிறு பையின் அமிலத்தில் நேர்மின்சுமை ஏற்று அங்குள்ள சவ்வோடு கலந்து அதைக் குலைக்கும். அந்த வழியாக எம்ஆர்என்ஏ வெளியேறும். உண்மையில் உள்ளே போனதில் மிகச் சிறு பங்குதான் வெளியேறுகிறது. ஏன் அவ்வளவு குறைவு என்பது சவ்வு இயற்பியலின் கேள்வி, எங்கள் குழுவில் இருவர் அதில்தான் இருக்கிறார்கள். பாக்டீரியாவின் சவ்வைத் துளைக்கும் பெப்டைடுகள் மனிதச் செல்லை ஏன் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன என்று பார்ப்பவர்களும் உண்டு.

ஆனால் பயனை மட்டும் கேட்டு இந்த வேலைக்கு வராதீர்கள். பாங்கம் லிப்போசோமைப் பார்த்தபோது அவர் மருந்து தேடவில்லை.

முனைவர் பட்டம் முடித்தவர்கள் எங்கே போகிறார்கள்?

சிலர் போஸ்ட்டாக்காகத் தொடர்கிறார்கள். மருந்து நிறுவனங்களில் துகள் வடிவமைப்பு, அழகுசாதன, உணவு நிறுவனங்களில் பால்மங்கள் (எண்ணெயும் தண்ணீரும் கலந்தவை) தொடர்பான வேலை, நுண்ணோக்கி நிறுவனங்கள், தரவு அறிவியல், பள்ளி ஆசிரியர் என்று பல திசைகள். கல்விப்புலத்தில் நிரந்தர இடங்கள் குறைவு. இதைச் சேரும் நாளிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறோம்.

சேர எப்படி விண்ணப்பிப்பது?

பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலும் ஒரு பக்கத் தன்விவரமும் போதும். கடிதத்தில் எங்கள் கட்டுரைகளைப் புகழ வேண்டாம். ஏதாவது ஒன்றை எடுத்து, அதில் எந்த வரைபடம் உங்களுக்குப் புரியவில்லை, அல்லது எந்த அளவீட்டை நீங்கள் நம்பவில்லை, ஏன் என்று நாலு வரி எழுதுங்கள். எந்தக் கடிதத்துக்கு நேர்முகம் வைப்பது என்று நாங்கள் முடிவெடுப்பது அந்த நாலு வரியைப் பார்த்துத்தான். நேர்முகத்துக்கு வந்தால் மாணவர்களோடு தனியாக ஒரு மணி நேரம் இருக்கும், பேராசிரியர் அறையில் இருக்க மாட்டார், கேட்க வேண்டியதை அப்போது கேளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் இன்னொரு முறை எழுதுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.